கண் நன்றாக இருக்கிறதாம், ஆனால் எதிரில் இருக்கும் டம்ளர் அம்மாவுக்குத் தெரியவில்லை

மியான்மரின் யாங்கோனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 61 வயது. முப்பது வருடம் வீட்டிலேயே தையல் வேலை பார்த்தவர். ஒன்றரை வருடமாகத் தையல் கோணிப்போகிறது. டீயை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றுகிறார். நாற்காலியில் உட்காரப்போய் விளிம்பில் உட்கார்ந்து சறுக்கிவிட்டார். பேப்பர் படிப்பதை விட்டுவிட்டார். கண்புரை அறுவை சிகிச்சை ஆயிற்று, கண்ணாடியும் இரண்டு தடவை மாற்றியாயிற்று. கண் டாக்டர் "கண் நன்றாக இருக்கிறது" என்கிறார். ஞாபகம் பழுதில்லை, பேச்சும் தெளிவு. "வீட்டில் சிலர் அம்மா நடிக்கிறார் என்கிறார்கள். இது என்ன? அம்மாவிடம் என்ன சொல்வது?" என்பது அவர் கேள்வி.

தம்பி, உங்கள் அம்மா நடிக்கவில்லை. அதை முதலில் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் யாங்கோனில் ஒரு கண்ணாடிக் கடையில் 26 வருடம் கண் சோதனை செய்தவள். என் அக்காவுக்கு இதே தொல்லை வந்தது. அவளுக்கு நானே மூன்று தடவை கண்ணாடி மாற்றிக் கொடுத்தேன், மூன்றும் வீண். கோளாறு கண்ணில் இல்லை என்று எனக்குத் தோன்றவே இரண்டு வருடம் ஆனது. அந்த இரண்டு வருடத்தில் அவளை எத்தனை தடவை "கவனமாகப் பாரேன்" என்று அதட்டியிருப்பேன். அது இன்னும் என்னை உறுத்துகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லும் அடையாளங்களுக்கு ஒரு பெயர் உண்டு: போஸ்டீரியர் கார்டிகல் அட்ரோஃபி, சுருக்கமாக பி.சி.ஏ. மூளையின் பின்பகுதி மேலுறை மெலிந்துபோவது என்று பொருள். 1988இல் ஃபிராங்க் பென்சன் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் இதைத் தனியாக எடுத்து விவரித்துப் பெயர் வைத்தார்கள். பெரும்பாலும் அடியில் இருப்பது அல்சைமர் நோய்தான். வழக்கமான அல்சைமர் ஞாபகத்தைக் காக்கும் இடத்தில் தொடங்கும். இது பார்ப்பதை அர்த்தமாக்கும் இடத்தில் தொடங்குகிறது. அல்சைமர் உள்ளிட்ட டிமென்ஷியாவுக்கு நாம் தமிழில் 'மறதி நோய்' என்று பெயர் வைத்துவிட்டோம். அந்தப் பெயரே பலரை ஏமாற்றுகிறது. என் அக்காவுக்கு 1988இல் இங்கே நடந்த கலவரத்தில் எந்தத் தெருவில் யார் வீட்டில் ஒளிந்திருந்தோம் என்பது கடைசி வரை நினைவிருந்தது. அப்படிப்பட்டவளுக்கு மறதி நோயா என்று யாருக்குத் தோன்றும்?

நோய் 50க்கும் 65க்கும் இடையில் தலைகாட்டுவது வழக்கம். 16 நாடுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2024இல் வந்தது. அதில் சராசரித் தொடக்க வயது 59. தொடங்கியதிலிருந்து நோயின் பெயர் தெரியவே ஏறக்குறைய நாலு வருடம் ஆகியிருக்கிறது. நாங்கள் மட்டும் தாமதித்தவர்கள் இல்லை. ஆங்கில எழுத்தாளர் டெரி பிராட்செட்டுக்கும் இதே நோய்தான், 2007இல் கண்டுபிடித்தார்கள். தட்டச்சு அடிக்க முடியாமல் போனபின் வாயால் சொல்லச் சொல்லவே அவர் புத்தகங்கள் எழுதினார்.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? கண் ஒரு சன்னல். அதன் வழியாக வருவதைப் பிரித்து, இது விளிம்பு, இது நிழல், இது முன்னால், இது பின்னால், இது டம்ளர், அதை எடுக்கக் கை இவ்வளவு தூரம் போகவேண்டும் என்று தொகுப்பதெல்லாம் மூளையின் பின்பகுதி வேலை. அந்தத் தொகுப்பு கலைகிறது. டம்ளரின் பளபளப்பும், அதற்குப் பின்னால் இருக்கும் மேசை விரிப்பின் பூவும், கையின் நிழலும் அவருக்குச் சேர்ந்தே வந்து விழுகின்றன. எது எதைச் சேர்ந்தது என்று பிரியவில்லை.

நடிப்பு என்று சொல்லவைக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. தரையில் கிடக்கும் சின்ன நூல்துண்டை அம்மா குனிந்து எடுத்துவிடுவார், எதிரில் இருக்கும் கதவைக் காணோம் என்பார். இது பொய் இல்லை, நோயின் இயல்பே இதுதான். ஒரு நேரத்தில் ஒரு சிறிய இடம், ஒரே ஒரு பொருள்தான் அவருக்குப் பிடிபடுகிறது. நூல்துண்டு அந்தச் சின்ன வட்டத்துக்குள் அடங்கும், கதவு அடங்காது. இப்படி ஒன்றைப் பார்க்கும்போது மற்றது மறைந்துபோவதை ரெசோ பாலின்ட் என்ற ஹங்கேரிய மருத்துவர் 1909லேயே எழுதிவைத்தார். இதனால்தான் பெரிய எழுத்தைவிடச் சின்ன எழுத்து சிலருக்குச் சுலபமாக இருக்கிறது. கண்ணாடிக் கடைக்காரியான எனக்கு இது தலைகீழாக இருந்தது. பெரிய எழுத்துப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன், அக்கா அதைத் தொடவே இல்லை.

கடையில் எழுத்துப் பலகை காட்டும்போது நான் கவனிக்காமல் விட்டது இன்னொன்று. ஒற்றை எழுத்தாகக் காட்டினால் சரியாகச் சொல்வாள். அதே எழுத்தை வரிசையில் வைத்தால் திணறுவாள். பக்கத்து எழுத்துகள் வந்து மோதிக்கொள்கின்றன. பர்மிய எழுத்தில் இது இன்னும் மோசம். 'வ' முழு வட்டம், 'ப' மேலே திறந்த வட்டம், மென்மையாக ஒலிக்கும் 'க' (ga) கீழே திறந்த வட்டம். இடைவெளி எந்தப் பக்கம் என்பதில்தான் எழுத்தே இருக்கிறது. பஸ் எண்ணைப் படிக்க முடியாமல் போனதுதான் எங்களுக்குத் தெரிந்த முதல் அடையாளங்களில் ஒன்று. அவளுக்கு ஒரு பலகை அட்டையில் ஒரு சொல் அளவு ஓட்டை வெட்டி, வரி மேல் நகர்த்திப் படிக்கச் சொன்னோம். ஒரு வருடத்துக்கு அது கைகொடுத்தது.

முதல் அடையாளம் அதற்கும் முந்தியது. அனோரதா சாலைக் காளி கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் அக்கா செருப்புக் குவியலுக்கு முன்னால் நிற்கிறாள். இந்த ஊரில் எல்லோர் காலிலும் அதே வெல்வெட் செருப்பு. நான் எனதை மாட்டிக்கொண்டு தெருமுனைக்கே வந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அவள் குனிந்து ஒவ்வொரு செருப்பாகக் கையில் எடுத்து, முகர்வதுபோல் முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுக் கீழே வைக்கிறாள். அவளுடையது அவள் பெருவிரலைத் தொட்டபடி கிடந்தது.

டாக்டரிடம் போவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். "கண் சோதனை எல்லாம் சரி, ஆனாலும் இருப்பதைக் கண்டுபிடிக்க முடியவில்லை, தூரம் தெரியவில்லை, காசு எண்ண வரவில்லை" என்று உதாரணத்தோடு எழுதிக்கொண்டு போங்கள். வெறும் ஞாபகக் கேள்வி கேட்டால் அம்மா நன்றாகவே பதில் சொல்லிவிடுவார். கடிகாரம் வரையச் சொன்னால்தான் தெரியும். எம்.ஆர்.ஐ. எடுத்தால் ரிப்போர்ட்டோடு படத்தையும் கொண்டுபோய், பின்பகுதியைக் குறிப்பாகப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஞாபகப் பகுதி நன்றாக இருப்பதால் 'வயதுக்கு ஏற்ற அளவு' என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடுவது உண்டு. தைராய்டு, பி12 ரத்தச் சோதனையும் செய்வார்கள். டொனெபெசில், ரிவாஸ்டிக்மின் போன்ற மாத்திரைகள் கொடுக்கலாம். சிலருக்குக் கொஞ்சம் உதவும், நோயைக் குணமாக்காது. ஒன்று மட்டும்: பார்வைத் தடுமாற்றம் திடீரென்று ஒரே நாளில் வந்தாலோ, சில வாரங்களில் மளமளவென்று மோசமானாலோ அது வேறு விஷயம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கண்ணாடியைப் பற்றி என் தொழில் அறிவிலிருந்து ஒன்று சொல்கிறேன். மேலே தூரம், கீழே கிட்டம் என்று ஒரே கண்ணாடியில் இரண்டு பவர் வேண்டாம். குனிந்து படியைப் பார்க்கும்போது கீழ்ப்பாதி தரையை மங்கலாக்கிவிடும். தூரத்துக்கு ஒன்று, கிட்டத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்து, ஒன்றின் காம்பில் நூல் சுற்றிவிடுங்கள், கை தடவினால் தெரியும். கண்புரை எடுத்தது வீண் இல்லை. மூளைக்கு வரும் படம் எவ்வளவு தெளிவோ அவ்வளவு நல்லது.

இப்போது வீடு. எல்லாவற்றையும்விட இதில்தான் பலன் அதிகம்.

சமையலறையிலிருந்து தொடங்குங்கள். நம் வீடுகளில் எல்லாம் எவர்சில்வர். விளக்கு வெளிச்சம் பட்டால் தட்டு முழுக்க மினுங்கும், அதில் வெள்ளைச் சோறு, மேலே மோர். அம்மாவுக்கு அங்கே ஒன்றுமே பிரியாது. அக்கா பாதிச் சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டு "சாப்பிட்டாயிற்று" என்பாள். பசி இல்லை என்று நினைத்தோம். ஒரு நாள் விசேஷத்தில் வாழையிலை போட்டார்கள், ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். பச்சை இலையில் வெள்ளைச் சோறு அவளுக்குத் தெரிந்திருக்கிறது! மறுநாளே பளபளப்பில்லாத அடர்பச்சைத் தட்டு வாங்கிவந்தோம். டம்ளரும் அப்படித்தான். டீ நிறத்துக்கு மாறாக வெள்ளைக் கோப்பை, மேசை மேல் பூப்போட்ட விரிப்புக்குப் பதில் ஒரே நிறத் துணி. தண்ணீரைக் கண்ணால் அளக்க முடியாது, அதனால் டம்ளரில் பாதி மட்டும் ஊற்றிக் கையில் கொடுங்கள். மேசையில் தட்டும் டம்ளரும் மட்டும் இருக்கட்டும். ஊறுகாய் பாட்டில், தண்ணீர்க் கூஜா எல்லாம் தள்ளிப் போகட்டும்.

அடுப்பையும் கத்தியையும் பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன். கரண்ட் போனால் நாம் கரி அடுப்பு மூட்டுகிறோம். கனிந்த கரிக்கும் கைக்கும் எவ்வளவு தூரம் என்று அவரால் கணிக்க முடியாது. தனியாக விடாதீர்கள். ஆனால் சமையலறையை விட்டே விரட்டவும் வேண்டாம். உப்பு புளி பார்ப்பது, கீரை ஆய்வது, பூண்டு உரிப்பது எல்லாம் நாக்கும் விரலும் செய்யும் வேலை. பூ கட்டுவதற்கும் கண் வேண்டியதில்லை. அக்கா மற்ற எதுவும் முடியாமல் போனபின்பும் மல்லிகைச் சரம் கட்டினாள், முடிச்சுக்கு முடிச்சு ஒரே இடைவெளி. உங்கள் அம்மா தையல்காரர், அவர் விரலுக்கு எவ்வளவோ தெரியும்.

உடுத்துவதில் பெரிய சிக்கல் மேல் கீழ், உள் வெளி தெரியாமல் போவது. ரவிக்கையும் சேலை மடிப்பும் சீக்கிரமே கஷ்டமாகிவிடும். இங்கே பெண்கள் கட்டும் பர்மிய லுங்கி இந்த விஷயத்தில் வரப்பிரசாதம். அதன் மேல் விளிம்பில் தடித்த கறுப்புத் துணிப்பட்டை தைத்திருக்கும், விரலால் தடவினாலே இதுதான் இடுப்புப் பக்கம் என்று தெரிந்துவிடும். துணிகளை உடுத்தும் வரிசையில் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே நிறப் படுக்கை விரிப்பின்மேல் வையுங்கள். அலமாரி நிறைய இருந்தால் குழப்பம்தான்.

தரைக்கு வருவோம். டவுன்டவுன் மாடிவீடுகளில் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு தரை முழுக்கப் போட்டிருப்பார்கள். அந்தப் பூ அவருக்கு மேடாகவோ பள்ளமாகவோ தெரியலாம். வாசலில் போட்டிருக்கும் கறுப்பு மிதியடி குழிபோல் தெரியும், அதைத் தாண்டக் காலை உயரத் தூக்குவார். பளபளவென்று துடைத்த தரை ஈரம்போல் தெரியும். அம்மா ஓர் இடத்தில் அடியெடுத்து வைக்கத் தயங்கினால் தரையைப் பாருங்கள், அங்கே ஒரு நிழலோ நிறமாற்றமோ கட்டாயம் இருக்கும். கறுப்பு மிதியடியை எடுத்துவிடுங்கள். கோலத்தைப் பாதையை விட்டு ஓரமாகப் போடுங்கள். மாடிப்படிகள் ஏணிபோல் செங்குத்தாக இருப்பது உங்களுக்கே தெரியும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டே இறங்கப் பழக்குங்கள். எங்கள் வீட்டில் ஒரு மாடிக்கு 17 படி, அக்கா கடைசிவரை பதினேழு எண்ணித்தான் நின்றாள். படி விளிம்பில் மஞ்சள் பட்டை அடிப்பது சிலருக்கு உதவும், சிலருக்கு அதுவே குழப்பம். ஒரு படியில் அடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நாற்காலியில் உட்காரும்போது, திரும்பி நின்று, காலின் பின்புறம் இருக்கையில் படும்வரை பின்னால் வந்து, இரண்டு கையாலும் கைப்பிடியைத் தொட்டபின்தான் உட்காரவேண்டும். தினமும் அப்படியே செய்தால் பழகிவிடும். நாற்காலியை இடம் மாற்றாதீர்கள். வீட்டில் எதையுமே சொல்லாமல் இடம் மாற்றாதீர்கள். சீப்பு, விபூதித் தட்டு, கைவிளக்கு எல்லாம் அவர் கைக்கு ஒரு வரைபடம் மாதிரி. குளியலறையில் வெள்ளை டைலில் வெள்ளைப் பீங்கான் தெரியாது. அடர்நிற மூடி, சிவப்பு வாளி, சிவப்பு மக் போதும்.

வெளிச்சம் சீராக இருக்கவேண்டும். கரண்ட் போய் ஒற்றை மெழுகுவத்தி எரியும்போது சுவரெல்லாம் நிழல் ஆடும், நல்ல கண்ணுக்கே பயமாக இருக்கும். சார்ஜ் விளக்கு இரண்டை எதிரெதிர் மூலையில் வையுங்கள். இரவில் சன்னல் கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தை வேறு யாரோ என்று நினைக்கலாம், திரையை இழுத்துவிடுங்கள்.

வழிகாட்டும்போது "இடதுபக்கம்" என்று சொல்லாதீர்கள், இடது வலது குழம்புவதும் இந்த நோயில் உண்டு. "சன்னல் பக்கம்", "என் குரல் வரும் பக்கம்" என்று சொல்லுங்கள். "அதோ இருக்கிறதே, பாருங்கள்" என்று சுட்டிக்காட்டுவதில் பயனில்லை. கையைப் பிடித்துப் பொருளில் வையுங்கள். தெருவில் நடக்கும்போது பின்னாலிருந்து தள்ளாதீர்கள். அம்மா உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் அரை அடி முன்னால் போங்கள். 1970இலிருந்து இங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம்தான் ஓடுகின்றன, ஸ்டீயரிங்கோ பல கார்களில் இன்னும் வலப்பக்கமே இருக்கிறது. வண்டி எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று கணிக்க முடியாதவர் தனியாகச் சாலையைக் கடக்கக் கூடாது.

வீட்டுக்குள் நுழையும்போது பெயரைச் சொல்லிக்கொண்டே வாருங்கள். முகம் பிடிபடாமல் போகலாம், குரல் பிடிபடும். போனில் எழுத்துச் செய்தி வேண்டாம், வைபரில் குரலாகவே அனுப்புங்கள். ரூபாய் நோட்டை, அதாவது சாட் நோட்டை, மதிப்புக்கு ஒரு மடிப்பாக மடித்து வைத்தோம். கணக்குப் போடவே முடியாமல் போனபின் தெரிந்த கடையில் மாதக் கணக்கு வைத்துக்கொண்டோம். மாடியிலிருந்து தொங்கும் மணிக்கயிறு எங்கள் வீட்டிலும் உண்டு. கீழே காய்காரர் கயிற்றை இழுத்தால் மணி அடிக்கும், மேலேயிருந்து காசை இறக்கிக் காயை ஏற்றுவோம். பேரம் பேசுவதும், கயிற்றை இழுப்பதும், காயைத் தொட்டுப் பார்த்து முற்றல் என்று திருப்பி அனுப்புவதும் கடைசி வரை அக்கா வேலைதான்.

இதனோடு குழம்பக்கூடிய இரண்டைச் சொல்லவேண்டும். அறையில் குழந்தைகள் நிற்கிறார்கள், பூனை ஓடுகிறது என்று இல்லாததைத் தெளிவாகப் பார்க்கத் தொடங்கினால், கூடவே நடை இறுகினால், தூக்கத்தில் கத்தி உதைத்தால், ஒரு நாள் தெளிவும் ஒரு நாள் மயக்கமுமாக இருந்தால் அது லூயி பாடி டிமென்ஷியாவாக இருக்கலாம். பேய் பிடித்தது என்று எண்ணி மந்திரிக்கப் போகிறார்கள். அதைவிட ஆபத்து, தூங்கவைக்க ஹாலோபெரிடால் போன்ற மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக் கொடுப்பது. இந்த நோய்க்காரர்களுக்கு அது உடம்பை விறைக்கவைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது. இன்னொன்று சார்லஸ் போனே நோய்க்குறி. 1760இல் அந்தச் சுவிட்சர்லாந்து அறிஞர் பார்வை மங்கிய தன் 89 வயதுத் தாத்தாவுக்கு உருவங்கள் தெரிவதை எழுதினார். அது கண்பார்வை குறைவதால் வருவது, டிமென்ஷியா இல்லை. தெரிவது உண்மை இல்லை என்று அவர்களுக்கே பெரும்பாலும் தெரியும்.

நாளாக ஆக ஞாபகமும் பேச்சும் இந்த நோயில் பாதிக்கப்படும், மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஆரம்ப வருடங்களில் அம்மாவுக்குத் தன் நிலை முழுக்கத் தெரியும். அதனால் வரும் பயமும் சோர்வும் மிக அதிகம். அழுதால், வெளியே வர மறுத்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கு மருந்து உண்டு. "இது என்ன நிறம், இது எத்தனை விரல்" என்று வருகிறவர்களெல்லாம் பரீட்சை வைப்பதை நிறுத்துங்கள்.

அம்மாவிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். டாக்டர் உறுதி செய்தபின் உள்ளதைச் சொல்லுங்கள். "உங்கள் கண்ணும் நன்றாக இருக்கிறது, புத்தியும் நன்றாக இருக்கிறது. கண் பார்த்ததைச் சேர்த்துக்கொடுக்கும் இடத்தில் நோய்" என்று. நான் என் அக்காவிடம் இப்படித்தான் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு "அப்போ எனக்குப் பைத்தியம் இல்லையே?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "சரி, அந்தச் செருப்பை எடு" என்றாள். இரண்டு செருப்பிலும் விரல் நுழையும் இடத்தில் கம்பளி நூலால் தடிமனாக ஒரு முடிச்சுப் போடச் சொன்னாள். அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் நான் ஒரு கையை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் குனியவில்லை. காலால் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போய் முடிச்சு தட்டுப்பட்டதும் நின்று மாட்டிக்கொண்டாள்.